மலையில் ஞாயிறு பிரஞ்ச்: வெள்ளி இரவு மாவிலிருந்து ஞாயிறு மதியம் வரை

எங்கள் வீடு குன்னூரில். கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் குடும்பம், சென்னையிலிருந்து கணவரின் நண்பர்கள் என்று மாதத்தில் இரண்டு ஞாயிறாவது யாராவது வந்துவிடுவார்கள். காலை டிபனையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்து நடுவில் ஒரே வேளையாக, அதாவது பிரஞ்சாக, வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. (பிரஞ்ச் என்றதும் மாமியார், "பிரெஞ்சுக்காரங்க சாப்பாடா? எல்லாத்துலயும் முட்டை போடுவாங்களே" என்றார். இப்போது அவர்தான் மாவுக்கு ஆள்.)

புதிதாகச் செய்பவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். நன்றாகச் சமைப்பவர்களே இதில் சொதப்புகிறார்கள். காரணம் எப்போதும் வரிசை: பழம் வாங்கிய நாள் தப்பு, போன் பேசாமல் கிளம்பியது தப்பு, மாவு அரைத்த நேரம் தப்பு. அதோடு இந்தக் குளிருக்கும் உயரத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. அதனால் முதலில் வெளியே போவதற்கும், அப்புறம் வீட்டில் செய்வதற்கும், செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. உட்காரும் நேரத்தைக் குறியுங்கள்

என் கணக்கு 11 மணி. பத்து என்றால் அது தாமதமான டிபன். பன்னிரண்டு என்றால் பிள்ளைகள் அதற்குள் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்திருப்பார்கள். 11-ஐ வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பின்னோக்கி எண்ணுங்கள்.

ஏழரை மணிக்கு ஆளுக்கு ஒரு டீயும் ஒரு வர்க்கியும் (இந்த மலையின் மொறுமொறு பிஸ்கட்) கொடுத்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு 11 வரை இருந்தால் எல்லோருக்கும் கோபம் வரும். உட்கார்ந்ததும் முதலில் வந்த தட்டையே வழித்துவிட்டு, அடுத்து வருவதை யாரும் தொடமாட்டார்கள். இரண்டு வர்க்கி வேண்டாம், நெய்யும் மாவுமாக வயிறு நிறைந்துவிடும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களை 11 வரை காக்க வைக்காதீர்கள். வழக்கமான நேரத்துக்கு வழக்கமான டிபன் கொடுத்துவிட்டு, 11-க்குக் கொஞ்சமாகச் சேர்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

2. வீடா வெளியா என்பதை வெள்ளிக்கிழமையே முடிவு செய்யுங்கள்

சனி இரவு முடிவு செய்தால் வீட்டில் மாவு இருக்காது, வெளியே டேபிள் இருக்காது.

நாலு பேர் வரை என்றால் வெளியே போகலாம். ஆறு பேரைத் தாண்டினால் வீடுதான் நிம்மதி. இங்குள்ள பழைய பங்களா ஹோட்டல்களில் தோட்டத்து மேஜைகள் பெரும்பாலும் நாலு பேருக்கானவை. எட்டுப் பேர் போனால் இரண்டு மூலையில் பிரிந்து உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டுக்கொள்ள வேண்டிவரும்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் யோசிக்கவே வேண்டாம், வீடு. ஊட்டி மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி எல்லாம் மே மாதத்தில் வரும். அந்தச் சமயத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். பத்து நிமிடத்தில் போகிற இடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

கீழிருந்து சொந்த வண்டியில் வருபவர்களிடம் இ-பாஸ் (இணையத்தில் பதிவு செய்து வாங்கும் நுழைவு அனுமதி) எடுத்தாயிற்றா என்று வெள்ளியன்றே கேளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது வேண்டும். சீசன் வார இறுதியில் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் வைக்கிறார்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போனில் பதிவு செய்ய முயன்ற என் நாத்தனார் குடும்பம் அன்றைக்கு மாலை டீக்குத்தான் வந்து சேர்ந்தது.

3. வெளியே போவதானால் முதலில் போன்

பிரஞ்சுக்கு வெளியே போகிறவர்கள் விழுகிற பெரிய பள்ளம் இது. நம் ஊர் ஓட்டல்களில் பதினோரு மணி என்பது இரண்டுங்கெட்டான் நேரம். டிபன் பத்தரை, பதினொன்றோடு முடியும். சாப்பாடு பன்னிரண்டுக்கோ பன்னிரண்டரைக்கோ தொடங்கும். நடுவில் அடுப்படியில் பாத்திரம் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு முறை நாங்கள் ஏழு பேர் பதினொன்று இருபதுக்குப் போய் உட்கார்ந்தோம். மெனு அட்டையைப் புரட்டி தோசை, பூரி, ஆம்லெட் என்று பட்டியல் போட்டு முடித்ததும் அந்தத் தம்பி மெதுவாகச் சொன்னார்: "டிபன் முடிஞ்சுதுங்க. சாப்பாடு பன்னெண்டரைக்குத்தாங்க. இப்ப பிரெட் டோஸ்ட் இருக்குதுங்க, வேணுங்களா?" அவர் மேல் தப்பில்லை, கேட்காமல் போனது நாங்கள். ஏழு பேரும் டோஸ்ட் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் வைத்தோம்.

அதனால் சனிக்கிழமை மதியத்துக்குள் போன் செய்து நாலு விஷயம் கேளுங்கள். காலை மெனு எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள்? பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை அடுப்படியில் என்னென்ன கிடைக்கும்? பஃபேயா, தட்டுக்குத் தட்டு ஆர்டரா? மழையோ மூடுபனியோ வந்தால் உள்ளே இடம் தருவீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லோரும் மறந்துவிடுவார்கள். தோட்டத்து மேஜை படத்தில் அழகாக இருக்கும். ஆகஸ்ட்டில் அதே மேஜையில் தட்டுக்குள் சாரல் விழும்.

பில் பற்றியும் இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். பஃபே விலையைச் சொல்லும்போது பல இடங்களில் வரியைச் சேர்க்காமல் சொல்வார்கள். சேவைக் கட்டணம் தனி. அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பில்லில் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அந்தத் தொகையைப் பரிமாறிய தம்பி கையில் கொடுத்துவிட்டு வருவது என் வழக்கம்.

4. பத்தே காலுக்கு மேஜையில் இருங்கள்

வெளியே என்றால் மட்டும் 11-ஐ பத்தே காலாக மாற்றிக்கொள்ளுங்கள். காலை மெனு இன்னும் மூடியிருக்காது. சூடாக வேண்டியதை முதலில் வாங்கிவிட்டு, நிதானமாக மதிய மெனுவுக்குள் நகரலாம். இன்னொரு காரணம், மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7:10-க்குக் கிளம்பும் மலை ரயில் பத்தரை வாக்கில் குன்னூர் சேரும். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கமும் சிம்ஸ் பூங்கா பக்கமும் கூட்டம் கூடிக்கொண்டே போகும்.

ஆர்டரை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். முதல் சுற்றில் டீ, காபி, முட்டை, தோசை. சின்ன அடுப்படிகளில் ஒரே கல்லில்தான் எல்லாம் வேகும். பத்து அயிட்டம் சொன்னால் ஒருவர் சாப்பிட்டு முடித்த பிறகு அடுத்தவருக்கு வரும். இரண்டாவது சுற்றில் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பெரிய தட்டு ஒன்றோ இரண்டோ. இனிப்பை வயிற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பஃபே என்றால் தட்டை எடுக்காமல் ஒரு முறை சுற்றி வாருங்கள். நுழைவில் பிரெட்டும் பழமும் அடுக்கியிருப்பார்கள், நல்ல அயிட்டம் கடைசி மூலையில் இருக்கும்.

தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்து கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் இந்த மாவட்டத்தில் தடை. விருந்தாளிகள் காரில் வைத்திருந்தாலும் அபராதம் கட்ட நேரும்.

5. வீட்டில் என்றால்: ஐந்து அயிட்டம், அதற்கு மேல் வேண்டாம்

ஆறு பேருக்கு நான் வைப்பது: குழிப்பணியாரம், காளான் ஆம்லெட், பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) டோஸ்ட், இந்த மலையின் படுகர் இன மக்கள் வீடுகளில் வைப்பது போல ஒரு அவரைக்கொட்டைக் குழம்பு, பழம். குடிக்க டீ. இதில் குழம்பு முதல் நாளே ஆகிவிடும், பழத்துக்கு அடுப்பே வேண்டாம். ஞாயிறு காலை அடுப்பில் நிற்க வேண்டியது மூன்றுதான். புதியவர்கள் பூரி, தோசை, பான்கேக், ஆம்லெட் என்று உடனுக்குடன் செய்ய வேண்டியதாகவே நாலு எடுத்து வைப்பார்கள். சமைப்பவர் கடைசி வரை உட்காரவே மாட்டார்.

6. புதன்: பட்டர் ஃப்ரூட்

நாலு நாள் முன்னாலா என்று சிரிக்காதீர்கள். இந்தப் பழம் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். சந்தையில் கல் மாதிரி இருக்கும். கீழே மூன்று நாளில் பழுப்பது இங்கே குளிரில் ஐந்து, ஆறு நாள் எடுக்கும். புதனன்று வாங்கி, ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் சுருட்டி அரிசி டிரம்மில் புதைத்து வையுங்கள். வாழைப்பழம் விடும் வாயு இதையும் பழுக்க வைக்கும். காம்பு பக்கம் விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். சனிக்கிழமை வாங்கி ஞாயிறு வெட்டினால் சோப்புக் கட்டிதான்.

சீசன் இல்லையென்றால் விடுங்கள், வெண்ணெயும் மிளகும் போட்ட டோஸ்ட் போதும்.

7. வெள்ளி இரவு: மாவு

மலையில் பிரஞ்ச் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். கீழே இரவு அரைத்தால் காலையில் பொங்கி வழியும். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரி பக்கம் சூடு வேண்டும். டிசம்பரில் எங்கள் சமையலறை இரவில் 12, 13 டிகிரியில் இருக்கும். மாவு அரைத்தது அரைத்தபடியே கிடக்கும்.

ஆறு பேருக்கு அளவு: இட்லி அரிசி 3 கப், உளுந்து முக்கால் கப், வெந்தயம் ஒரு டீஸ்பூன். வெள்ளி மதியம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள். குழாய்த் தண்ணீரின் சில்லிப்பில் அரிசி ஊற நேரமாகும், அரைத்தாலும் நறநறவென்று இருக்கும்.

அரைக்கும்போதும் வெதுவெதுப்பான தண்ணீர்தான். சமவெளியில் மிக்ஸி சூட்டுக்குப் பயந்து ஐஸ் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். சமையல் வீடியோக்களைப் பார்த்து இங்கேயும் அதையே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அந்தச் சூடு வேண்டும், அதை எதற்கு அணைக்க வேண்டும்?

உப்புப் போட்டு கையால் நன்றாகக் கலக்குங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

அப்புறம் சூடு வைப்பது. பெரிய அண்டாவில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர். விரல் விட்டால் சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. அதற்குள் மாவுப் பாத்திரம், மேலே மூடி, எல்லாவற்றையும் சுற்றி ஒரு பழைய கம்பளி. படுக்கப் போகும் முன்பும் காலையில் எழுந்ததும் தண்ணீரை மாற்றுங்கள். ஆரம்பத்தில் நான் அவசரப்பட்டுக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டேன். காலையில் திறந்தால் பாத்திரத்தின் ஓரமெல்லாம் இட்லியாக வெந்திருந்தது, நடுவில் பச்சை மாவு. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஓரத்தைச் சுரண்டிச் சட்னியோடு எனக்கே வைத்தார்.

ஓவன் இருப்பவர்கள் உள்ளே விளக்கை மட்டும் போட்டு மாவை வைக்கலாம், அந்தச் சூடே போதும். ஓவன் பொத்தானில் 'உள்ளே மாவு' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். யாராவது கேக்குக்காகச் சூடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

ஞாயிறு சாப்பாட்டுக்கு வெள்ளியே அரைப்பது ஏன்? இந்த முறையில் மாவு பெரும்பாலும் சனி மதியத்துக்குள் வந்துவிடும். வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். வரவில்லை என்றால் கையில் இன்னும் ஒரு இரவு இருக்கிறது. சனி இரவு அரைத்தால் அந்த வசதி இல்லை. கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்: மேலே சின்னச் சின்னத் துளைகள், லேசான புளிப்பு வாசம், கரண்டியில் எடுத்தால் நுரைத்துக்கொண்டு விழுவது.

ஜூலை, ஆகஸ்ட்டில் இன்னொரு காரணமும் சேரும். காற்றுக்கு மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அரைக்கிற வேலையெல்லாம் முன்னதாக முடிந்திருக்க வேண்டும்.

8. சனி: சந்தையும் குழம்பும்

காலையில் உழவர் சந்தை. கேரட், பீன்ஸ், காளான், கிடைத்தால் பிளம்ஸ் அல்லது பேரிக்காய். காளானைச் சனிக்கிழமைக்கு முன் வாங்காதீர்கள், கறுத்துவிடும். கழுவியும் வைக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வர்க்கியும் இன்றைக்குத்தான். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாக் கடையிலும் அந்தப் பெயர் தொங்குகிறது. வாங்கும் முன் ஒன்றை உடைத்துப் பாருங்கள். ஏடு ஏடாக நொறுங்க வேண்டும், வளைந்தால் பழசு. வீட்டுக்கு வந்ததும் தகர டப்பாவில் போட்டு மூடுங்கள், மூடுபனி பட்டால் ஒரு மணி நேரத்தில் நமத்துவிடும்.

மாலையில் குழம்பு. அவரைக்கொட்டை, உருளைக்கிழங்கு இரண்டையும் குக்கரில்தான் வேக வைக்க வேண்டும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீயை ஏற்றினாலும் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது, ஆவிதான் அதிகமாகும். காய்ந்த கொட்டையை அப்படி வேக வைத்தால் கேஸ்தான் தீரும். குக்கரில்கூட, கீழே பழகிய கணக்கைவிட ஒரு விசில் கூட வையுங்கள்.

சட்னிக்குத் தேங்காயைத் துருவி வைத்துவிட்டுப் படுங்கள்.

9. ஞாயிறு: எட்டரையிலிருந்து பதினொன்று வரை

எட்டரைக்கு மாவை வெளியே எடுங்கள். ஃபிரிட்ஜ் குளிரோடு குழியில் ஊற்றினால் வெளியே சிவந்துவிடும், உள்ளே மாவு அப்படியே நிற்கும். சூடான தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் பத்து நிமிடம் வைத்தால் சீக்கிரம் சரியாகும். ஒன்பதரைக்கு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து மாவில் கொட்டிக் கலக்குங்கள். சட்னி அரையுங்கள். பத்துக்குக் குழம்பைச் சின்னத் தீயில் வையுங்கள். காளானைத் தனியாக, மூடாமல், தண்ணீர் வற்றும் வரை வதக்குங்கள். அந்தத் தண்ணீரோடு ஆம்லெட்டில் போட்டால் ஊறிப்போய்த் துவண்டுவிடும்.

பத்தே காலுக்குப் பணியாரக்கல். பணியாரம் மூடி வைத்தால் இருபது நிமிடம் சூடு தாங்கும், அதனால் முதலில் இது. பத்து ஐம்பதுக்கு டோஸ்ட். பட்டர் ஃப்ரூட்டை வெட்டியதும் எலுமிச்சை பிழியுங்கள், இல்லையென்றால் பழுப்பாகிவிடும். ஆம்லெட் கடைசி, எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் முட்டையை உடைக்க வேண்டும். முட்டை சூடு ஆறினால் எதுவும் செய்ய முடியாது, மற்றதெல்லாம் காத்திருக்கும்.

அவித்த முட்டை கேட்பவர்கள் இருந்தால், கீழே பத்து நிமிடம் என்றால் இங்கே பன்னிரண்டு. பிள்ளைகளுக்குப் பான்கேக் வேண்டுமானால் பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறைத்து, இரண்டு ஸ்பூன் பால் கூட ஊற்றுங்கள். காற்றழுத்தம் குறைவானதால் குமிழிகள் இங்கே அதிகமாக விரியும். புஸ்ஸென்று எழும்பி, தட்டுக்கு வரும்போது அமுங்கிவிடும்.

டீக்கு நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலை (தூளாக்காமல் இலையாகவே சுருட்டிக் காய வைத்தது), பால் சேர்க்காமல். கொதி நீரே 94 டிகிரி என்பதால் மூன்று நிமிடத்துக்குப் பதில் நாலரை, ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். பால் டீதான் வேண்டும் என்றால் அதற்குத் தூள் டீயைப் போடுங்கள், இந்த இலையைப் பாலில் கொதிக்க வைத்து வீணாக்க வேண்டாம். ஃபில்டர் காபிக்காரர்கள் ஃபில்டரை ஒரு கிண்ணம் வெந்நீருக்குள் நிறுத்தினால் டிகாக்‌ஷன் ஆறாமல் இறங்கும்.

10. தட்டைச் சூடு பண்ணுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. அலமாரியிலிருந்து எடுக்கும் தட்டு இங்கே ஐஸ் மாதிரி இருக்கும். அதில் ஆம்லெட் வைத்தால் உப்பு எடுத்து வருவதற்குள் ஆறிவிடும். பத்தே முக்காலுக்குத் தட்டுகளை வெந்நீரில் மூழ்க வைத்து, துடைத்து, துணி போட்டு மூடி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மேஜையில் பரப்பவும் வேண்டாம். முதலில் பணியாரமும் சட்னியும், அது பாதி காலியானதும் டோஸ்ட்டும் முட்டையும், அப்புறம் பிரெட்டுக்குத் தொட்டுக்கொள்ளக் குழம்பு. பழத்தோடு இரண்டாவது டீ.

11. எழுந்ததும் முதல் வேலை

மிச்சத்தையும் எண்ணெய்ச் சட்டியையும் உடனே உள்ளே எடுத்து வையுங்கள். தோட்டத்தில் மேஜை போட்டிருந்தால் கடைசித் தட்டு உள்ளே போகும் வரை ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும், குரங்குகள் கூரை மேல்தான் காத்திருக்கும். எச்சில் இலை, முட்டை ஓடு, பழத்தோல் எதையும் அன்றிரவு வாசலில் வைக்காதீர்கள். எண்ணெய் வாசத்துக்குக் கரடி வரும். எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு பின்கதவின் கீழ்ப்பலகை இன்னும் கீறலோடு இருக்கிறது. உள்ளே இருந்தது அரை லிட்டர் கடலை எண்ணெய். குப்பை வண்டி வரும் வரை மூடி போட்ட வாளியில், வீட்டுக்குள்.